அச்சமும் அறிவும்

நம் இடது அக்குளில் ஒரு கட்டி உண்டு. புளியங்கொட்டை அளவினது. அதனை முதன்முதல் கண்டு மூன்று ஆண்டுகள் சென்றன. அது வளரவுமில்லை, மறையவுமில்லை. நம் மக்கள் இதனை நெறிகட்டுதல் என்பர். மருத்துவ நூலார் நிணநீர்க் கணு வீங்குதல் என்பர். இத்துணைச் சிறு பொருளுக்கு ஒரு கட்டுரையோ என அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும், உறுதியாகத் தெரியாத ஒன்றோடு மனிதன் எங்ஙனம் வாழ்வது என்னும் வினாவை நமக்கு எழுப்பியது இக்கட்டியேயாகும்.

மனித உடலில் ஏறத்தாழ 600 நிணநீர்க் கணுக்கள் உள. இவை காவற் சாவடிகள் போல்வன. கையிலே செம்பனை முள் தைத்துச் சீழ் கொள்ளின், அக்குட் கணு வீங்கும். புண் ஆற, வீக்கமும் தணியும். 2021-ஆம் ஆண்டில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டோர் சிலருக்கு, ஊசியிட்ட கைப்பக்கமே இவ்வாறு வீங்கித் தணிந்தது. ஆகவே வீக்கம் என்பது பெரும்பாலும் காவலன் விழித்திருப்பதற்கு அடையாளமேயன்றி, பகைவன் வென்றதற்கு அடையாளமன்று. ஆனால் ‘பெரும்பாலும்’ என்பது ‘எப்பொழுதும்’ ஆகாது. காசநோயும் புற்றுநோயும் இதே வாயிலில் தலைகாட்டுவதுண்டு.

நாம் செய்தது யாது? எட்டு மாதம் மறைத்தோம். கணக்கில் ஒரு காசு குறையினும் இரவெல்லாம் விழித்துத் தேடும் கிராணியாகிய நாம், நம் உடற் கணக்கை மட்டும் திறவாமலே வைத்தோம். மனைவி வருந்துவாளே என்பது நாம் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில், டாக்டர் என்ன சொல்வாரோ என்று நடுங்கினோம். நம் அச்சத்திற்கு அன்பு என்று பெயரிட்டோம்.

இதனைத் தற்செயலாய்க் கண்டுகொண்ட அன்னையார், “தம்பி, மந்திரித்துக் கட்டினால் கரைந்துவிடுமப்பா” என்று ஒரு தாயத்துடன் வந்தார். நாம் நகைத்தோம். ஆங்கிலப் பள்ளியில் படித்த செருக்கு அது. அந்த ஆங்கிலேயரும் கழுத்துக் கணுக்கள் வீங்கும் கண்டமாலை நோய் அரசர் கை பட்டால் தீரும் என நம்பியவரே. பின்னாளில் பேரகராதி இயற்றிய சாமுவேல் ஜான்சனைக் குழந்தைப் பருவத்தில், 1712-இல், ஆன் அரசியார் தொட்டார், நோய் தீரவில்லை. அந்நோய்க்குக் காரணமான காசக் கிருமியை இராபர்ட் காக் உலகுக்கு அறிவித்தது 1882-இலேதான். இவையெல்லாம் அறிந்திருந்தும் என்ன பயன்? தாயத்தை நம்பிய அன்னையாரும் டாக்டரிடம் போகச் சொல்லவில்லை. நம்பாத நாமும் போகவில்லை.

அக்காலத்தில் எங்கள் தோட்டத்தில் களை வெட்டிய அம்மையார் ஒருவர் இறந்தார். அவருக்கும் அக்குளில்தான் கட்டி. மார்பிலும் ஒன்று இருந்தது. ஆடவர்முன் காட்டுவதோ என்ற கூச்சத்தால் ஓராண்டு சேலைக்குள் மறைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. செக்ரோலில் அவர் பெயரை அடித்தது நம் கையே. அன்று அக்கை எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, அக்குளைத் தொட்டது.

அன்றிரவே மனைவியிடம் சொன்னோம். அவள் அழவில்லை. “நாளைக்கு லீவு சொல்லுங்கள், போகலாம்” என்றாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசியால் உறிஞ்சிச் சோதித்தார்கள். தீய நோய்க்குரிய குறி எதுவும் தென்படவில்லை என்றார் டாக்டர். “ஏன் வீங்கியிருக்கிறது?” என்றோம். “சில கணுக்கள் காரணம் தெரியாமலே இப்படி நின்றுவிடும். பெரிதானால், கல்லைப் போல் இறுகினால், விடாத காய்ச்சலோ இரவு வியர்வையோ உடல் மெலிவோ கண்டால் உடனே வாருங்கள்” என்றார்.

அச்சம் அத்துடன் ஒழிந்ததோ? இல்லை. நாளுக்குப் பத்து முறை விரல் அங்கே சென்றது. பாராதிருந்தது எப்படி அச்சமோ, ஓயாமல் பார்ப்பதும் அப்படியே அச்சம் என்பதைப் பின்னரே உணர்ந்தோம். இப்பொழுது சம்பள நாளில் ஒருமுறை மட்டும் தொட்டுப் பார்க்கிறோம். மற்ற நாட்கள் பிள்ளைகளுக்கும் வேலைக்கும் உரியவை.

முழு உறுதி எவருக்கும் கிட்டியதில்லை. கட்டி இல்லாதவருக்கும் நாளை என்பது அறியாப் பொருளே. அறியக்கூடியதை அறிந்துகொள்ளாதவனுடைய துணிவு துணிவன்று. அறிந்தபின் எஞ்சும் ஐயத்தோடு கடமை செய்வதே துணிவு. சகோதரிகளே, கூசாதீர்; பெண் டாக்டர் வேண்டுமெனக் கேளுங்கள். சகோதரர்களே, வீட்டாரை அழைத்துச் செல்ல ஒரு நாட் கூலி போகுமே என எண்ணாதீர். செக்ரோலில் இனியொரு பெயரை அவ்வாறு அடிக்க நம் கை விரும்பவில்லை.