வாதவூரர் வாங்காத குதிரைகள்

ஜவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில், ஒரு காலத்தில் சம்புவராய மன்னர்களுக்குத் தலைநகராயிருந்து, பின்னர் விஜயநகரத்தாரின் ஆட்சியில் ஒரு ராஜ்யத்திற்கே தன் பெயரைக் கொடுத்து, இன்று வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிற்றூராய் அடங்கியிருக்கும் படவேட்டிற்கு, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமைகளில் வந்து குவியும் ஜனத்திரள் ரேணுகாம்பாளின் உண்டியலில் இடுகின்ற காணிக்கை, விழுந்த கணத்திலேயே கொடுத்தவனை விட்டு நீங்கி அம்பாளுடையதாகிவிடுகிறது. அம்பாளோ அதை எண்ணிப் பார்ப்பதில்லை, ரசீது கேட்பதுமில்லை. நம் சட்டமும் தெய்வத்தைச் சொத்துடைய ஒரு நபராக ஒப்புக்கொண்டு, அதே மூச்சில், தன் காரியத்தைத் தானே கவனிக்க இயலாத மைனருக்குச் சமமாக வைத்திருக்கிறது. ஆகவே கொடுத்தவனும் இல்லாமல், பெற்றவளும் வாய்திறவாமல், இடையிலுள்ள மனிதர்களின் கையில் அந்தப் பணம் நிற்கிறது.

வரிப்பணத்தின் கதியும் இதுவே. கொடுத்தவன் ஆரணியில் தறியின் முன் உட்கார்ந்திருக்கிறான். தான் வாங்கும் சோப்பிலும் மருந்திலும் வரி கொடுத்ததாகவே அவனுக்கு நினைவிராது. பெறவேண்டியவன் இன்னும் கட்டப்படாத ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் சேரப்போகும் சிறுவன். இவ்விருவரும் அறியாத ஓர் அறையில், மூன்றாவது மனிதன் ஒருவன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறான். அவன் நல்லவனாகவே இருக்கட்டும். பிறர் பொருளை நல்ல நோக்கத்தோடு கையாளும் ஒருவனிடம் கணக்குக் கேட்பது அவனுடைய தர்மபுத்தியைச் சந்தேகிப்பதாகுமா என்பதே நான் இங்கே விசாரிக்க விரும்பும் பொருள்.

ஆகும் என்று சொல்லக்கூடிய பக்தர்கள் நம்மிடையே அநேகர். எல்லாவற்றையும் மேலே இருக்கிறவன் பார்த்துக்கொண்டிருக்கையில் மனிதனுக்கு மனிதன் கணக்குக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்பது அவர்கள் கட்சி. கணக்கு எழுதுகிற தேவதையையும் நாம் வணங்காமல் விடவில்லை. காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்கென்றே தனிக்கோயில் இருக்கிறது, சித்ரா பௌர்ணமியன்று அங்கே கூட்டத்திற்கும் குறைவில்லை. ஆயினும் சித்திரகுப்தனுடைய ஏடு ஜீவன் உடலை விட்ட பிறகுதான் வாசிக்கப்படுகிறது. பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஒதுக்கிய பணத்தைத் தின்றவனுக்கு அதனால் நரகம் கிடைக்கலாம். பள்ளிக்கூடத்திற்குக் கூரை கிடைக்காது.

நம் பாராளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவைப் பற்றியும் இதே குறையைச் சொல்வதுண்டு. 1921-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் தோன்றி, குடியரசிலே பலம் பெற்று, இன்று லோக்சபையிலிருந்து 15 பேரும் ராஜ்யசபையிலிருந்து 7 பேரும் கொண்டதாய் இயங்கும் இக்குழு, தணிக்கைத் தலைவரின் அறிக்கையை எதிரே வைத்துக்கொண்டு, இலாகாச் செயலாளர்களை வரவழைத்து, ஒப்பந்தம் இன்னாருக்கு ஏன் போயிற்று, குறைந்த விலைப்புள்ளி ஏன் தள்ளப்பட்டது, சரக்கு வந்து சேர்ந்ததா, வந்தது கேட்ட சரக்குதானா என்று விசாரிக்கும்போது, பணம் செலவாகிச் சில ஆண்டுகள் ஓடிப்போயிருக்கும். சவப் பரிசோதனை என்று பரிகசிப்பவர்களுடைய பேச்சில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி, அந்த இலாகாவும் அந்த நாற்காலியும் அடுத்த ஒப்பந்தமும் இன்னும் உயிரோடிருக்கின்றன என்பது. முன்னவர் குழுவின் முன்னே விடைதெரியாமல் நின்றதைக் கேள்வியுற்ற அதிகாரி, பேனாவைத் திறக்குமுன் கோப்பை இன்னொரு முறை புரட்டுகிறார்.

நோக்கத்தின் தூய்மை கணக்கிற்கு விடையாகுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரு வழக்கு உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் அதை விஸ்தாரமாகச் சொல்லுகிறது. அரிமர்த்தன பாண்டியனுடைய மந்திரியாகிய வாதவூரர், சேனைக்குக் குதிரை வாங்குவதற்காகப் பொக்கிஷத்திலிருந்து திரவியத்தைப் பெற்றுக்கொண்டு புறப்பட்டு, வழியில் திருப்பெருந்துறையிலே குருவைக் கண்டு, அந்தத் திரவியத்தை எல்லாம் சிவாலயத்திலும் சிவனடியாரிடத்திலும் செலவிட்டுவிட்டார். அரசனிடமிருந்து ஓலை வந்தது. ஆவணி மூலத்தன்று குதிரைகள் வருமென்று பதில் போயிற்று. அப்படியே வந்தன; வாணிபன் வேஷத்தில் இறைவனே ஓட்டிவந்தான்; அரசன் நேரில் பார்த்து, திருப்தியடைந்து, லாயத்தில் கட்டச் செய்து, வாணிபனுக்குப் பட்டும் கொடுத்தான். அன்றிரவே பரிகளெல்லாம் நரிகளாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின.

இக்கதையைக் காலட்சேபத்தில் கேட்டு உருகுகிற நாம், அதை ஒரு கொள்முதல் விவகாரமாக எண்ணிப் பார்த்ததில்லை. அபசாரமென்று கொள்ளாவிடில் ஒன்று சொல்கிறேன். குதிரைக்கென்று எழுதப்பட்ட செலவிற்கு நேரே கோயிலைக் காட்டினால் போதுமென்று இறைவனே கருதவில்லை. குதிரையாகத் தோன்றும் ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியாகவேண்டும் என்று அவனுக்கும் பட்டிருக்கிறது. அந்தக் குதிரைகள் இலக்கணப் பரீட்சையில் தேறின. காலப் பரீட்சையில் தேறவில்லை. சரக்கை வாங்கும் நேரத்தில் பார்ப்பது ஒன்று, ஓரிரவு கழித்துப் பார்ப்பது வேறு என்பதைப் பாலங்களும் சாலைகளும் கட்டிக் கொடுப்போரின் காலத்தில் வாழும் நமக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. புதிய குதிரைகள் போனதோடு பழைய குதிரைகளும் போயின என்று புராணம் மறவாமல் சொல்லுகிறதே, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

வாதவூரர் மகான் என்பதில் எனக்கு லவலேசமும் ஐயமில்லை. மாணிக்கவாசகராய் நம் நெஞ்சை ஆளுகிறவர் அவர். ஆனால் அந்தத் திரவியம் அவருடைய மெய்யன்பைப் போல அவருக்குச் சொந்தமானதன்று. தன் வீட்டுச் சொத்தை விற்றுக் கோயில் கட்டியிருந்தால் அது தியாகம்; ஊரார் சொத்தைக் கொண்டு கட்டுகையில், தியாகம் செய்தவர்கள் கேளாமலே தியாகிகளாக்கப்பட்ட ஊரார்தான். பாண்டியனையும் புராணம் அசுரனாக்கவில்லை. வைகை மணலின் சுடுவெயிலில் மந்திரியை நிறுத்தியது கொடுமையென்று காட்டுகிறது. கணக்குக் கேட்டது கொடுமையென்று எங்கும் காட்டவில்லை.

அதன் தொடர்ச்சியாக வரும் வைகை வெள்ளத்தில் தத்துவம் இன்னும் ஆழமாகிறது. கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்காக அளந்து விடுகிறார்கள். துணையற்ற வந்திக் கிழவியின் பங்கை, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு, சொக்கநாதன் கூலியாளாக வந்து ஏற்று, பாடியும் ஆடியும் உறங்கியும் பொழுதைப் போக்குகிறான். மற்றவர் பங்கெல்லாம் முடிந்திருக்க, அந்த ஒரு பங்கு அடைபடாமல் கிடப்பதை மேற்பார்வை செய்வோர் கண்டுபிடிக்கிறார்கள். பிரம்படி விழுகிறது, அரசன் முதுகிலும், அவன் தேவியர் முதுகிலும், வேலைக்கு வந்தவர்கள், வராதவர்கள், சகல ஜீவராசிகள் முதுகிலும் விழுகிறது. இறைவனின் சர்வவியாபகத்திற்குத் திருஷ்டாந்தமாகவே பெரியோர் இதை வியாக்கியானம் செய்வர், அது சரியே. ஆற்றங்கரையில் ஒருவன் பங்கு அடைபடாவிட்டால் வெள்ளம் அவன் வீட்டிற்கு மட்டும் வராது என்று அந்தக் கரைக்காரர்கள் அறிந்திருந்ததும் அதனுள் அடங்கும்.

படவேட்டின் ஸ்தலக் கதையோ விசாரணையின் மற்றோர் எல்லையைக் காட்டுகிறது. நாள்தோறும் பச்சை மண்ணைக் குடமாகப் பிடித்து நீர் முகந்துவந்த ரேணுகை, ஒருநாள் நீரில் ஒரு கந்தர்வனின் நிழலைக் கண்டு கணநேரம் மனம் அசைந்தாள், குடம் கரைந்தது, ஜமதக்னி ஞானதிருஷ்டியால் அறிந்து மகனை ஏவ, பரசுராமன் தாயின் சிரத்தைக் கொய்தான். அந்தச் சிரசையே இவ்வூரில் வணங்குகிறோம். முனிவர் மனத்தை விசாரித்தார், விளக்கம் கேட்கவில்லை, தண்டனைக்கும் தாமதமில்லை. வணங்கப்படுவது தண்டித்தவரல்லர், தண்டிக்கப்பட்டவள் என்பதில் நம் ஜனங்களின் தீர்ப்பு எந்தப் பக்கமென்று தெரிகிறது. ஜனநாயகத்தின் தணிக்கைக்கு ஞானதிருஷ்டி கிடையாது, வேண்டியதுமில்லை. அச்சமும் சலுகையும் அன்பும் பகையும் இன்றிக் கடமை ஆற்றுவேன் என்று தணிக்கைத் தலைவர் பிரமாணம் செய்கையில், பகையோடு அன்பையும் அவர் விலக்கிவைக்கவேண்டியிருக்கிறது. அவர் கேட்பது ஏட்டை, உள்ளத்தை அன்று.

1957-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன், அது தோன்றி ஓராண்டுகூட ஆகாத நிலையில், முந்த்ரா என்னும் வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. பாலிஸிதாரர்களின் பணம் அது. பாராளுமன்றத்தில் அதைக் கிளப்பியவர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரும் பிரதமர் நேருவின் மாப்பிள்ளையுமான பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா பகிரங்கமாக நடத்திய விசாரணையின் முடிவில், நம் ஊர்க்காரரான நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அவர் தாமே பணம் தேடிக்கொண்டார் என்பதன்று வழக்கு; இலாகாவின் காரியத்திற்கு மந்திரியே பொறுப்பு என்பதே. கூரிய அறிவாளியை இழந்தோமென்று அன்று வருந்தியவர்கள் உண்டு. நானும் அந்த வருத்தத்தை மதிக்கிறேன்; முடிவையும் ஒப்புக்கொள்கிறேன்.

மாமனாரின் அரசாங்கத்தை மருமகன் கேள்வி கேட்டது அபூர்வம். வழக்கமாக உறவு வாயை அடைக்கும் என்பதை இதே தொண்டை மண்டலத்து உத்தரமேரூரார் முதலாம் பராந்தகன் காலத்திலேயே, 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகளில், பட்டவர்த்தனமாக எழுதிவைத்தார்கள். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனுடைய பெயர் குடவோலைக்கு ஆகாது. அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்களும், அத்தை மக்களும், மாமனும், இன்னும் நீளமான ஒரு சுற்றமும் ஆகாது. கணக்கு எழுதியவன் பெருங்குறிப் பெருமக்களிடம் தானே தன் கணக்கை ஒப்புவித்துச் சுத்தனென்று தீர்ந்தாலன்றி மறுபடி அந்த வேலைக்கு வரலாகாது. வேதம் கற்றவர்கள்தாம் அந்தச் சபையார். வேதம் கற்றால் போதுமென்று அவர்களே நம்பவில்லை. பொதுக் கணக்குக் குழுவில் மந்திரி எவரும் அங்கம் வகிக்கலாகாது என்ற விதியும், 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரைத் தலைவராக்கும் வழக்கமும் அந்தக் கல்லெழுத்தின் தூரத்து உறவினர்.

கேட்கிறவனுக்கும் ஒரு யோக்கியதை வேண்டும். ஆரணியில் நெசவாளிக்குப் பட்டு நூலையும் சரிகையையும் எடைபோட்டே கொடுக்கிறார்கள். சேலை திரும்பி வரும்போதும் தராசில் ஏறுகிறது. அதனால் தன் மானம் போயிற்றென்று எந்த நெசவாளியும் சொல்வதில்லை. ஆனால் கச்சாப் பட்டைச் சோப்பு நீரில் கொதிக்கவைத்துப் பசை நீக்குகையில், எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு இயல்பாகவே கரைந்துபோகும். இதை அறியாதவன் தராசைப் பிடித்தால் யோக்கியனைத் திருடனாக்குவான். அறிந்தும் அசிரத்தையாயிருப்பவனிடம், திருடனுடைய கழிவும் பசைக் கழிவாகவே எழுதப்படும். தணிக்கைக்கு அஞ்சி எந்தக் கோப்பிலும் கையெழுத்திடாமல் தள்ளிப்போடும் அதிகாரிகளைப் பற்றிய புகார் பொய்யன்று. பசைக் கழிவு தெரியாத தணிக்கையாளர்கள் உண்டாக்கும் வியாதி அது.

படவேட்டிலேயே, வில்லும் அம்பும் இன்றி, யோகத்தில் அமர்ந்து, அனுமன் ஏடு வாசிக்கக் கேட்டிருக்கும் ராமனுடைய கோயில் ஒன்று உண்டு. வாசிக்கப்படுவது ஞான நூலென்பார்கள், வரவு செலவு அன்று. ஆயினும் அரசனாகப்பட்டவனுக்கு வில் ஏந்துவதைப் போலவே உட்கார்ந்து கேட்பதும் ஒரு கடமையென்று எனக்கு அங்கே தோன்றுகிறது. நம் அரசியல் சட்டத்தின் 151-ஆவது ஷரத்து, தணிக்கை அறிக்கைகள் பாராளுமன்றத்திலும் சட்டசபைகளிலும் வைக்கப்படவேண்டும் என்று விதிக்கிறது. எத்தனை நாளுக்குள் என்று விதிக்கவில்லை. இந்த மௌனத்தைப் பயன்படுத்திக்கொண்டு, எந்தக் கட்சி ஆண்டாலும், கூட்டத்தொடரின் கடைசி நாளில், உறுப்பினர்கள் ஊருக்குப் புறப்படும் அவசரத்தில், தடித்த புத்தகங்களாக அவற்றை மேஜைமீது வைத்துவிடும் வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. அரசாங்கத்தின் கையில் சேர்ந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள், விவாதத்திற்கு அவகாசமுள்ள ஒரு தினத்தில் வைக்கவேண்டுமென்று அந்த ஷரத்தில் ஒரு வாக்கியம் சேர்ப்பதற்கு, மனமிருந்தால், ஒரு கூட்டத்தொடரே போதும்.