முருங்கைப் போத்தும் கடற்பாசியும்

முருங்கைக் கிளையொன்றைத் தறித்து நட்டால் அது வேறொரு மரமாய்த் தழைத்துப் பூக்கின்றது, தாய்மரமும் நிற்கின்றது. இதுகொண்டு, உயிரென ஒன்றில்லை, உயிரணு என வழங்கும் நுண்ணறைகளின் கூட்டமே மரம், அக்கூட்டம் இரண்டாயிற்று என்பர் ஒருசாரார்.

அவர் கௌலர்ப்பா என்னும் கடற்பாசியை நோக்குவாராக. மன்னார் வளைகுடாவிலும் அதன் இனங்கள் உள. வேரும் தண்டும் இலையும் போல்வன உடைத்தாயினும், அதன் உடல் முழுதும் இடைச்சுவரற்ற ஓரறையே. அறைகள் கூடாமலே உறுப்புக்கள் அமைந்தன. உட்கருக்கள் பலவாலோ எனின், அவற்றையும் ஓருடம்பாய் இயைப்பது யாது என்னும் வினா நிற்கும்.

ஆயின் இப்பாசி எம்மையும் விட்டிலது. 1984இல் மொனாக்கோக் கடலடியில் சிறு திட்டாய்க் காணப்பட்ட ஓரினம், நங்கூரத்திலும் வலையிலும் சிக்கிய துண்டங்களால் மத்தியதரைக் கடலிற் பல இடங்களிற் பரவியது. அத்துணையும் ஓருயிரோ? அன்று. உயிர் கூறுபடாதது, துண்டம் மற்றோருயிர் தன் வினைக்கீடாகப் பெறும் உடம்பு. வித்தும் வேரும் கொம்பும் உற்பிச்சத்திற்குப் பிறப்புவாயில் என்பது நம்மனோர் கொள்கையே.

அவ்வுயிர் எப்பொழுது வந்தது? போத்து வேர்விட்டபின் என்றே யாம் நெடுநாள் பாடஞ்சொல்லி வந்தோம். பாசித்துண்டமோ பிரிந்தவுடனே, வேர்விடுமுன்னரே, தன் புண்ணைத் தானே மூடுகின்றது. அச்செயல் பிணத்திற்கு இல்லை. ஆகலின் அக்கூற்றைக் கைவிட்டோம். பிரிந்த கணமே என்க. வேரூன்றாது உலரும் போத்தோ எனின், அவ்வுயிர்க்கு அவ்வுடம்பில் வாணாள் அத்துணையே.