கொள்வார்க்கும் ஓர் அறம்

கொடுப்பது அறம் என்பதை எல்லாரும் அறிவர். கொள்வதிலும் ஓர் அறம் உண்டென்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், இரவுக்கும் இரவச்சத்திற்கும் தனித்தனியே அதிகாரம் வகுத்தார். விலையின்றிப் பெற்ற பொருளில் குறை காணவும், இன்னும் வேண்டுமெனக் கேட்கவும் பெற்றவர்க்கு எவ்வளவு உரிமை உண்டு? பழமையான இவ்வினா, இக்காலத்தில் கணிப்பொறி உலகில் புதுவடிவு கொண்டு நிற்கிறது.

கணிப்பொறியை இயக்கும் மென்பொருள்களுள் விலைக்கு விற்கப்படுவன உண்டு. அவற்றின் மூலநிரலைப் பெரும்பாலும் மறைத்து வைப்பர். மற்றொரு வகை, திறந்த மூல மென்பொருள் எனப்படுவது. அதன் மூலநிரலை யாவரும் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்ற தம் படைப்பைப் பற்றி அறிவித்தார். அப்பொழுது அவருக்கு வயது 21. எத்தகைய வசதிகள் வேண்டுமென்று பிறரைக் கேட்ட அவர், கேட்டவற்றையெல்லாம் செய்து தருவதாக உறுதி கூறவில்லை என்பதையும் உடனே சேர்த்துரைத்தார். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமாயிருப்பது அந்த லினக்ஸே.

இவ்வகை மென்பொருளின் உரிமங்கள், பொருள் உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, உத்தரவாதம் ஏதுமில்லை எனத் தெளிவாகக் கூறும். எனினும், பழக்கம் மனிதனிடத்தில் ஒரு மாற்றத்தை விளைவிக்கிறது. முதல்நாள் கொடையாகத் தோன்றியது, பல நாள் பயன்படுத்திய பின் உரிமையாகத் தோன்றுகிறது. 'இவ்வசதி இருந்தால் நன்று' என்ற வேண்டுகோள், 'இன்னும் ஏன் செய்யவில்லை?' என்ற அதட்டலாகிறது. கேட்பவர் பலர், செய்பவரோ பல வேளைகளில் ஒருவரே. அவரும் பகலெல்லாம் பிழைப்புக்கென உழைத்து, எஞ்சிய இரவுப் பொழுதில் இப்பணியைச் செய்பவராயிருப்பார்.

இதன் விளைவு எவ்வளவு கொடியதாகக் கூடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். கோப்புகளைச் சுருக்கி வைக்கும் எக்ஸ்-இசட் என்னும் மென்பொருளைப் பின்லாந்து நாட்டவர் ஒருவர் ஊதியமின்றிப் பல்லாண்டு பேணி வந்தார். 2022இல் சிலர், திருத்தங்கள் தாமதமாகின்றன, வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள் என்று அவரை நெருக்கினர். தம் உள்ளம் நலிவுற்றிருப்பதையும், இது ஊதியமில்லாப் பணி என்பதையும் அவர் அமைதியாக எடுத்துரைத்தார். அந்நிலையில், உதவ முன்வந்தவராகத் தோன்றிய 'ஜியா டான்' என்னும் பெயருடையார்க்குப் பொறுப்பில் பங்களித்தார். 2024 தொடக்கத்தில் வெளிவந்த இரு பதிப்புகளில், பிறர் கணிப்பொறிக்குள் மறைவாகப் புகுவதற்குரிய கள்ளவழி அப்பெயரால் பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. உள்நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து ஆராய்ந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், 2024 மார்ச் 29ஆம் நாள் அதனை வெளிப்படுத்தினார். பெருந்தீங்கு நேரும்முன் உலகம் தப்பியது.

நெருக்கியவர்களும் அச்சூழ்ச்சியின் பொய்முகங்களே என ஆய்ந்தோர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், நாம் நாணத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. பொய்ப்பயனரின் கடுஞ்சொல் ஏன் ஐயத்தை எழுப்பவில்லை? மெய்ப்பயனர் பலரும் அவ்வாறே பேசிப் பழகியிருந்தமையால் அன்றோ! நன்றியின்மை இயல்பாகிவிட்ட இடத்தில், வஞ்சகம் அதனையே வேடமாகப் புனைந்து கொள்கிறது.

அங்ஙனமாயின், கேட்பதே தவறோ? அன்று. வகுப்பறையில் 'ஒன்றும் புரியவில்லை' என்று சலித்துக் கொள்ளும் மாணவனும் உண்டு. 'இந்த அடி வரை புரிந்தது, இங்கே தடுமாறுகிறேன்' என்று சுட்டும் மாணவனும் உண்டு. பின்னவன் ஆசிரியர்க்கே உதவுகிறான். பிழை எங்கே, எப்பொழுது நேர்ந்தது எனப் பொறுமையுடன் எழுதியனுப்பும் பயனரும், நிரல் எழுத அறியாராயினும், அப்பணியில் பங்காளரே.

தேவை வேறு, ஆசை வேறு என்பதையும் நாம் உணர்தல் வேண்டும். பார்வையற்றோர்க்குத் திரையிலுள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் மிகுவிலையில் விற்கப்பட்ட காலத்தில், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞரான மைக்கேல் கரன் 2006இல் என்விடிஏ என்னும் மென்பொருளைத் தாமே தொடங்கினார்; அதனை யாவர்க்கும் விலையின்றி அளித்தார். இத்தகைய தேவையை முன்வைப்போரின் குரலும், பொத்தானின் நிறத்தை மாற்றச் சொல்வோரின் குரலும் ஒரே எடையுடையன அல்ல. ஆனால், உண்மைத் தேவையும்கூட ஒருவரை அடிமையாக்கும் உரிமையைத் தருவதில்லை.

கொடுப்பார்க்கும் கடமை உண்டு. இயலாததை இயலாது என்று காலத்தே சொல்வதும், பணியைத் தொடர முடியாதபோது அறிவிப்பதும், நம்பி நிற்பார்க்கு அவர் செய்யும் நன்மையாகும். அவ்வாறே, இலவச மென்பொருளைக் கொண்டு பெரும்பொருள் ஈட்டும் நிறுவனங்கள் அதனைப் பேணுவோர்க்கு ஊதியம் அளிப்பதைத் தானம் எனக் கருதலாகாது. கடன் தீர்த்தல் எனவே கருத வேண்டும்.

எளிய பயனராகிய நம்மால் இயல்வது யாது? கேட்குமுன் நன்றி கூறலாம். நாம் கேட்பது தேவையா, ஆசையா என்று நம்மையே வினவலாம். இயன்ற சிறு பொருளோ உழைப்போ தரலாம். மறுமொழி 'இல்லை' எனின், அதனை இன்முகத்துடன் ஏற்கலாம். கொடுப்பவர் களைத்து வீழாமல் காப்பது கொள்பவரின் அறமாகும்.