செலவழுங்குதல்

ஓவிய நண்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு தாளில் பயணத் திட்டம் எழுதிக் கொடுத்தார். சென்னையிலிருந்து ஹௌரா பாதையில் இரவு ரயில். விடிகிற வேளையில் கொவ்வூர் தாண்டி கோதாவரிப் பாலம். ராஜமுந்திரியில் இறங்கிக் குளித்து, இட்லி சாப்பிட்டு, சாலை வழியாகப் படகுத் துறை. பிறகு பாப்பிகொண்டலு மலைகளின் இடுக்கில் ஆற்றை எதிர்த்துப் படகுப் பயணம். பேரண்டபல்லியில் சிவன் கோயில். பொழுது சாய்வதற்குள் திரும்புதல். எல்லாம் மணிக் கணக்கோடு. தாளின் அடியில் கோடிட்டு ஒரு வாக்கியம்: 'மூழ்குவதற்குள் பார்த்துவிட வேண்டும்.'

ரயில் நேரங்களில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் கடைசி வாக்கியம்தான் இரண்டு வாரமாக என்னைப் படுத்துகிறது.

தெலுங்கில் பாப்பிடி என்றால் தலைவகிடு. மலைகளுக்கு நடுவே ஆறு வகிடு எடுத்த மாதிரி ஓடுவதால் அந்தப் பெயர் என்பார்கள். பத்ராசலத்துக்குக் கீழே, அகன்று கிடந்த கோதாவரி இங்கே ஒடுங்கி ஆழமாகிறது. இருபுறமும் காடு. கரையோரத்தில் கோயாக்களும் கொண்டரெட்டிகளும் வாழும் ஊர்கள். இந்த இடுக்கு முடிந்து ஆறு சமவெளியில் விரியத் தொடங்கும் இடத்தில்தான் போலவரம் அணை எழும்புகிறது. இதை எழுதும்போது அணை முழுமையடையவில்லை. ஆனால் அதன் நீர்மட்டம் எப்போதோ நிர்ணயமாகிவிட்டது: முழுக் கொள்ளளவில் 45.72 மீட்டர், முதல் கட்டத்தில் 41.15 மீட்டர். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் பெயர வேண்டும் என்பது அரசாங்கத்தின் கணக்கு. 2014இல் மாநிலம் பிரிந்தபோது, இந்த நீர்த்தேக்கத்தை முன்னிட்டு ஏழு மண்டலங்கள் தெலங்கானாவிலிருந்து ஆந்திரத்துக்கு மாற்றப்பட்டன. நீர் வருமுன்பே மாநிலம் மாறிவிட்டது அந்த மக்களுக்கு.

அழகைப் பார்க்கப் போவதே குற்றம் என்று வாதாடுகிறவர்கள் நம்மிடையே உண்டு. பசித்தவன் இருக்கும் நாட்டில் சௌந்தர்ய அனுபவம் ஒரு சொகுசு என்பார்கள். எனக்கு இதில் சம்மதம் இல்லை. விடியலில் ஓர் ஆற்றைப் பார்த்து நிற்பவன் யாருடைய சோற்றையும் பறிக்கவில்லை. என் சிக்கல் 'மூழ்குவதற்குள்' என்ற சொல்லில் இருக்கிறது. நண்பருக்கு அந்தப் பள்ளத்தாக்கின் மேல் ஆசை வந்தது அது அழியப்போவதால். அழிவு அதன் விலையை ஏற்றிவிட்டது. இன்னும் நூறு வருஷம் அப்படியே இருக்கும் என்றால், 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று நாங்கள் இருவருமே தள்ளிப் போட்டிருப்போம். இத்தனை வருஷமாக அப்படித்தான் தள்ளிப் போட்டோம்.

நண்பரின் தாளையும் அணையின் வரைபடத்தையும் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பொறியாளனுக்கு 45.72 என்ற சமஉயரக் கோடு போதும். கோட்டுக்குக் கீழே இருப்பது வீடா, சுடுகாடா, புளியமரமா என்பதை அந்தக் கோடு கேட்பதில்லை. நண்பரின் தாளிலும் ஒரு கோடுதான் இருக்கிறது: துறையிலிருந்து துறைக்கு. அதிலும் ஊர்கள் இல்லை. அணைக்காரருக்காவது அங்கே மனிதர்கள் இருப்பது தெரியும். நஷ்டஈடு கணக்கிட வேண்டியிருக்கிறதே. எங்கள் திட்டத்தில் மனிதர்களுக்கு அந்த இடம்கூட இல்லை.

2019 செப்டம்பர் 15 அன்று கச்சுலூரு அருகே ஓர் உல்லாசப் படகு கவிழ்ந்தது. ஆற்றில் வெள்ளம். படகில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள். சுமார் 50 பேர் செத்துப் போனார்கள். பிழைத்தவர்களைத் தங்கள் படகுகளில் போய் இழுத்துக் கரை சேர்த்தவர்கள் அங்கிருந்த கிராமத்தார். அதுவரை அவர்கள் பயணிகளின் புகைப்படங்களில் பின்னணி. குடிசை, மூங்கில், கரையில் நிற்கும் சின்ன உருவங்கள். தண்ணீர் விழுங்க வந்த நேரத்தில் அந்த உருவங்களுக்குக் கை இருந்தது தெரிந்தது. இந்தக் கரையூர்களில் பல, அணையால் தாமே மூழ்கப் போகிற ஊர்கள். அவர்கள் மூழ்குவதற்குள் அவர்களைப் பார்க்க வந்தவர்களை, அவர்கள் மூழ்காமல் காப்பாற்றினார்கள். இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வாக்கியம் ரொம்பக் கச்சிதமாக அமைந்துவிடுகிறது.

சாகக் கிடப்பவரைப் பார்க்கப் போவது நம் ஊர்களில் வழக்கம்தானே என்றார் நண்பர். உண்மை. ஆனால் அப்படிப் போகிறவனுக்கு ஓர் உறவு இருக்கும். மகன், மருமகள், கடன் கொடுத்தவன், ஒரு காலத்தில் சண்டை போட்டவன். உறவில்லாதவன் வேடிக்கை பார்க்கத்தான் போக முடியும். அந்தப் பள்ளத்தாக்கோடு எனக்கு என்ன உறவு என்று யோசித்தேன். கிடைத்த பதில் நான் விரும்பிய பதில் இல்லை.

போலவரத்தின் வலது கால்வாய் 80 டி.எம்.சி. கோதாவரி நீரைக் கிருஷ்ணாவுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும் என்பது திட்டம். கிருஷ்ணா டெல்டாவுக்குக் கோதாவரி கைகொடுத்தால், மேலே தேங்கும் கிருஷ்ணா நீர் மற்றவர்களுக்கு மிஞ்சும். அந்த மற்றவர்களில் சென்னையும் ஒன்று. 1983 ஒப்பந்தப்படி தொடங்கிய தெலுங்கு கங்கைத் திட்டத்தின் நீர் 1996இல் பூண்டிக்கு வந்து சேர்ந்தது. என் வீட்டுக் குழாயில் எந்தச் சொட்டு எந்த ஆற்றுடையது என்று யாரும் பிரித்துக் காட்ட முடியாது. பிரிக்க முடியாமல் இருப்பதே என் போன்றவர்களுக்குச் சௌகரியம். ஆக, நான் அங்கே வழிப்போக்கனாகப் போகவில்லை. சாகக் கிடப்பவரின் சொத்தில் பங்கு வரப் போகிறவன், முகம் பார்த்துவிட்டு வர ஒரு பகல் படகுச் சீட்டு வாங்குகிறான்.

அணையே கூடாது என்று சொல்லிவிட்டால் மனசு லேசாகும். அதுவும் முடியவில்லை. ஆர்தர் காட்டன் காவிரியில் கல்லணையைப் பார்த்துப் பாடம் கற்று, கொள்ளிடத்தில் அணைகள் கட்டி, அந்த அனுபவத்தோடு கோதாவரிக்குப் போனவர். 1852இல் தவளேஸ்வரம் அணைக்கட்டு முடிந்தது. பஞ்சம் கண்ட டெல்டா நெற்களஞ்சியமாயிற்று. இன்றும் அங்கே காட்டனுக்குச் சிலைகள் இருக்கின்றன. அந்த அரிசியைத் தின்று வளர்ந்தவர்களிடம் போய் அணை என்பதே பாவம் என்று பேச எனக்கு வாய் வராது. கீழே இருப்பவனின் சோறும் மேலே இருப்பவனின் வீடும் ஒரே தண்ணீரில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இதில் யார் எவ்வளவு இழக்கலாம் என்று தீர்மானித்தவர்களில் இழப்பவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

நம் அகக் கவிதையில் நிலம் ஒருபோதும் தனியாக வருவதில்லை. உணவு, தொழில், பறை, தெய்வம் எல்லாவற்றோடும் ஒழுக்கத்தோடும் பிணைந்தே வருகிறது. 'இயற்கைக் காட்சி' என்று மனிதனைக் கழித்துவிட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்குப் பிற்பாடு வந்தது. அகத்தில் வெறும் பார்வையாளனுக்கும் இடம் இருக்கிறது. கண்டோர் கூற்று என்று ஒன்று உண்டே. ஆனால் உடன்போக்கில் செல்லும் இருவரைக் கண்டோர் பாலையின் வனப்பை வியந்துகொண்டு நிற்பதில்லை. இந்த வழியில் இவர்களுக்கு என்ன நேருமோ என்று கவலைப்படுகிறார்கள். பார்த்ததனாலேயே அவர்களுக்குப் பொறுப்பு வந்துவிடுகிறது.

அதே பாலையில் செலவழுங்குதல் என்று ஒரு துறை. பொருள் தேடப் புறப்பட்டவன் தலைவியின் முகத்தைப் பார்த்துத் தயங்கி நிற்கிறான். அப்படி நிற்பது பயணத்தைக் கைவிடுவது ஆகாது, அவளைத் தேற்றுவதற்கான தாமதம் என்கிறது தொல்காப்பியம். பழந்தமிழில் செலவு என்றால் பயணம். நமக்கு அது பணம். எந்தப் பயணத்துக்கும் யாரோ ஒருவர் செலவு செய்கிறார், பெரும்பாலும் பயணம் போகாதவர்.

போகாமலே இருந்துவிடலாம்தான். ஆனால் போகாமல் இருப்பதால் ஒரு வீடுகூட நீருக்கு மேலே நிற்கப் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து கைகளைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவும் அந்தத் தண்ணீர்தான் வேண்டியிருக்கிறது. நண்பரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, அடியில் உள்ள வாக்கியத்தை அடிக்கச் சொன்னேன். அந்த இடத்தில் தேவிபட்டணம், தொய்யேரு, கச்சுலூரு, கொண்டமொதலு என்று எனக்குத் தெரிந்த வரையில் கரையூர்களின் பெயர்களை எழுதினேன். பெயர் எழுதுவது பாவ நிவர்த்தி ஆகாது என்று எனக்குத் தெரியும்.

'சரி, தேதி?' என்று கேட்டார் நண்பர்.

இந்த ஊர்களில் எவற்றில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், போனவர்கள் எங்கே குடியேற்றப்பட்டார்கள் என்று விசாரித்த பிறகு சொல்கிறேன் என்றேன். அதற்குள் மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்றார். அப்போதும் போக வேண்டியிருக்கும் என்றேன். ஆனால் படகுத் துறைக்கு அல்ல.