மலையிலே வைக்கும் காலடி

விடுமுறை வந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து குடும்பங்கள் ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்படுவதுண்டு. 1988இல் தேசிய பூங்காவான அந்த உயர்நிலத்தில், பாதையை விட்டு இறங்காதீர்கள் என்பார்கள். இளைஞர் சிலர் நகைப்பர்.

மூடுபனி இறங்கினால் 'உலக முடிவு' என்னும் பாதாளம் கண்ணுக்குத் தெரியாது. மிதிபட்ட சதுப்பும் புல்லும் இலகுவில் மீளா. அந்த ஈரநிலமே மகாவலி, களனி, வளவை கங்கைகளுக்கு ஊற்று. களனி நீர்தான் அம்பத்தலையில் சுத்திகரிக்கப்பட்டு கொழும்பு வீடுகளின் குழாய்களில் வருகிறது. மேலே ஒருவன் தன்னிச்சையாக வைக்கும் காலடி, கீழே அயலானின் குவளையைத் தொடுகிறது.

பாவமும் அப்படியே. யாருக்கும் தெரியாது என்கிறோம், ஊற்றோ கலங்கிவிடுகிறது.

இயேசு ஆண்டவரும் மலையேறினார். இரவெல்லாம் செபித்தார். விடிந்தபின் இறங்கி, காத்திருந்த நோயாளரைக் குணமாக்கினார்.

நாமும் மலையேறுவோம், பிறருடைய நீரைக் கலக்காமல் இறங்குவோம்.