இன்றே சொல்லிக்கொடுங்கள்

பெற்றோரே, ஆசிரியர்களே, சாட்சிகள் மறைந்துவருகிறார்கள். கறுப்பின மக்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அல்ல, இன்றே சொல்லுங்கள்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவர அமெரிக்கா 1808-இலேயே தடை விதித்தது. ஆனாலும் 1860-இல் கிளோட்டில்டா என்ற கப்பல் நூற்றுக்கும் மேற்பட்டோரை அலபாமாவுக்குக் கடத்திவந்தது. ஆட்களை இறக்கியதும், தடயம் தெரியாதிருக்கக் கப்பலையே கொளுத்தினார்கள். அதில் வந்த ஒலுவாலே கொசோலாவின் வாய்மொழி கேட்டு ஜோரா நீல் ஹர்ஸ்டன் எழுதிய நூல் 1931-இல் முடிந்தது, அச்சேறியதோ 2018-இல். அப்போது சொன்னவரும் இல்லை, எழுதியவரும் இல்லை.

1921-இல் டல்சா நகரில் கிரீன்வுட் என்ற கறுப்பர் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்துச் சாம்பலாக்கியது. ஊர் வாய்மூடியது, பள்ளிப் புத்தகமும் வாய்மூடியது. ஏழு வயதில் அதைக் கண்ட வயோலா ஃபிளெட்சர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னபோது அவருக்கு வயது 107. நூறு ஆண்டு அவரைக் காக்கவைத்த பாவம் யாருடையது? எரித்தவருடையது மட்டுமா? அறிந்தும் பேசாதிருந்த அனைவருக்கும் அதில் பங்குண்டு.

அமெரிக்காவின் பாவம் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமைமுறை ஒழிந்தபின், மொரிஷியஸின் கரும்புத் தோட்டங்களில் அந்த அடிமைகளின் இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் நம் தமிழரும் உண்டு. அந்த அடிமைகள் சிந்திய வியர்வையின் மேல்தான் நம்மவர் வியர்வையும் விழுந்தது. அவர்களை மறந்தால் நம்மவரையும் பாதி மறந்தவர்களாவோம்.

ஆகவே, அமெரிக்க அதிபர் லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்ற ஒற்றை வரியோடு பாடத்தை முடிக்காதீர்கள். அடிமைத்தளையிலிருந்து தாமே தப்பிவந்து, பின் திரும்பிச் சென்று பிறரையும் மீட்ட ஹாரியட் டப்மனைச் சொல்லுங்கள். அடிமைக்கு எழுத்தறிவு ஆகாது என்ற நாட்டில் எழுத்தைக் கற்று, அதையே ஆயுதமாக்கிய ஃபிரெடரிக் டக்ளஸைச் சொல்லுங்கள். விடுதலைப் பிரகடனம் 1863-இல் வெளியாகியும், டெக்சாஸின் கால்வெஸ்டனில் அது நடைமுறைக்கு வர 1865 ஜூன் 19 ஆனதைச் சொல்லுங்கள். வாங்கியவர், விற்றவர், சும்மா இருந்தவர் எவரையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கப்பலை எரித்தவர்கள் மறதியைத்தான் நம்பினார்கள். நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவர்கள் நம்பிக்கை பலிக்கிறது. பிள்ளைகள் நாளை நம்மிடம் கணக்குக் கேட்பார்கள். அதற்கு முன் சொல்லிவிடுங்கள்.