தம்மவர் குற்றம்

பிறர் குற்றம் எளிதில் புலப்படுகிறது. தம்மவர் குற்றமோ புலப்பட்டாலும் அதைச் சொல்ல நா எழுவதில்லை. கட்சிப்பற்று அறத்தினும் பெரிதாகுமோ?

பிரிட்டனின் தொழிற்கட்சி, இனப் பாகுபாட்டை எதிர்ப்பதையே தன் பெருமையாகக் கொண்டது. அந்நாட்டின் முதல் இன உறவுச் சட்டம் 1965இல் அதன் ஆட்சியில்தான் பிறந்தது. அக்கட்சிக்குள்ளேயே யூதர்மீது வெறுப்பு தலைதூக்கியது. இஸ்ரேல் அரசைக் கண்டிப்பது வேறு; அதன்பொருட்டு யூதர் அனைவரையும் இழித்துரைப்பது வேறு. இவ்வேறுபாட்டைச் சிலர் மறந்தனர். யூதரான நாடாளுமன்ற உறுப்பினர் லூசியானா பெர்ஜர் மனம் நொந்து 2019 பிப்ரவரியில் கட்சியை விட்டு விலகினார்.

மாற்றார் இதனைப் பெரிதுபடுத்துகின்றனர் என்று பலர் வாதிட்டனர். மாற்றார் ஆதாயம் தேடியிருக்கலாம். அதனால் புண்பட்டவரின் புண் பொய்யாகிவிடுமா?

சமத்துவ, மனித உரிமைகள் ஆணையம் 2020 அக்டோபரில் தன் அறிக்கையை வெளியிட்டது. ஆராய்ந்த 70 புகார்க் கோப்புகளில் 23 முறை அரசியல் தலையீடு நிகழ்ந்திருந்தது. விசாரிப்போர்க்குப் போதிய பயிற்சியும் அளிக்கப்படவில்லை. கட்சி சட்டத்தை மீறியது என ஆணையம் முடிவு கூறிற்று. அவ்வாணையமோ, அக்கட்சியின் ஆட்சி 2006இல் இயற்றிய சட்டத்தால் உண்டானதே! பின்னர்க் கட்சி தன் விசாரணை முறையைத் திருத்தியது. 2023 பிப்ரவரியில் ஆணையம் கண்காணிப்பை முடித்துக்கொண்டது.

வெறுப்பை உமிழ்ந்தோர் சிலரே. ஆயினும் செய்தவர், செய்வித்தவர், கண்டும் உடன்பட்டவர் ஆகிய மூவர்க்கும் தீவினையில் பங்குண்டு. நண்பன்மீது வந்த புகாரை நண்பனே விசாரித்தல் தகாது. நடுவுநிலையாளரிடம் ஒப்படைப்பதே முறை. தம்மவரைத் தட்டிக் கேட்பவர் துரோகியர் அல்லர். வீட்டில் தீப்பற்றியதை முதலில் கூவி உரைப்பவரே அவ்வீட்டின்மீது மெய்யன்பு உடையவர்.